நாலரை மணி வெளிச்சக்காரர்

அவர் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தபோது நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா படியேறி வந்தவள், மூச்சு வாங்கக்கூட நிற்காமல், கடைக்குட்டிக்கு ஓர் இடம் வந்திருக்கிறது என்றாள். சின்னம்மாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ரயில்வேக்காரருக்கு வாக்கப்பட்டாள். நடுவுள்ளவள் யாரையும் கேட்காமல் ஒரு தையல்கடைக்காரரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள், நன்றாகவும் இருந்தாள். மிச்சம் இருந்தது கடைக்குட்டிதான். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டேன். போட்டோ பிடிக்கிறவர் என்றாள். பெயர் என்ன என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"பேரு என்னமோ சொன்னாங்க, மறந்துபோச்சு. ஆனா எல்லாரும் நாலரைன்னுதான் கூப்பிடறாங்க."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தாளை இறக்கி, "நாலரைங்கறது உயரமா?" என்றார்.

"உயரமெல்லாம் நல்லாத்தான் இருக்காரு. நாலரை மணிக்கு முன்னால யாரையும் போட்டோ எடுக்க மாட்டாராம். அதான்."

"ஏழரைன்னாத்தான் அத்தை யோசிக்கணும். இதுல மூணு குறைச்சலாச்சே. தைரியமா பொண்ணக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொடுத்தார்கள். ஒரு வாடகைக் கூடத்தில் கல்யாணம். பதினொன்றரைக்குள் கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. ஒரு மணிக்குச் சாப்பாடும் முடிந்தது. இனி குடும்பப் படம் ஒன்று எடுத்துவிட்டால் அவரவர் கிளம்பலாம் என்று இருந்தோம். மாப்பிள்ளையே போட்டோக்காரர், தன் கல்யாணத்துக்கு இன்னொருத்தரைக் கூப்பிடுவாரா? வாசலில் போய் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்தார். எல்லாரும் கொஞ்ச நேரம் படுத்து எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்றரை மணி நேரம். என் வீட்டுக்காரர் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் குறட்டை விட்டார். ரயில்வேக்கார மாப்பிள்ளை, எங்கள் ரயில்கூட இவ்வளவு தாமதமாகப் போனதில்லை என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மணப்பெண் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு வேகவைத்த முட்டையை எடுத்தார். தோலோடு. அதை விரல் நுனிகளில் நிறுத்திக் கையை நீட்டிக்கொண்டு வாசலில் அப்படியும் இப்படியும் நடந்தார். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பெண்ணை எங்கே தள்ளிவிட்டோமோ என்று அவளுக்கு. பிறகுதான் விளங்கியது. முட்டைதான் அவருக்கு முகம். ஆளை நிறுத்தி வெயில் பார்த்தால் ஆள் சலித்துப்போவார், முகத்தில் அந்தச் சலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டைக்குச் சலிப்பு கிடையாது. அதன் ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் லேசான நிழலுமாக, இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாமல் கரைந்திருந்தால் அதுதான் ஆள் நிற்க வேண்டிய இடம். வேலை முடிந்ததும் அந்த முட்டையை உரித்துத் தின்றுவிடுவார். அன்றைக்குப் பாதியை மணப்பெண்ணுக்குக் கொடுத்தார்.

எங்களை வரிசையாக நிறுத்தி, கேமராவை முக்காலிமேல் ஏற்றி, தானாகச் சொடுக்கும் விசையை முடுக்கிவிட்டு, ஓடிவந்து பெண் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் யார் முகத்திலும் களைப்பு இல்லை. என் வீட்டுக்காரர்கூடப் பெரிய அதிகாரி மாதிரி நிற்கிறார். ஆனால் அதில் ஓர் ஆள் குறைவு. மாப்பிள்ளையின் அக்காள் அதில் இல்லை.

அவருக்கு உடன்பிறப்பு என்று அந்த அக்காள் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவருக்கு ஒன்பது வயது, அக்காளுக்கு இருபத்திரண்டு. அவளுக்குக் கல்யாணமாகி அப்போதுதான் ஒரு வருடம். தம்பியைக் கையோடு புகுந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வாங்கிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அவரை வளர்த்தாள். வேலை, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். முப்பது பெண்களுக்கு மேற்பார்வை. அதனால் வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பெயர் மேஸ்திரியம்மா. ஆகிருதியான பெண், குரலும் அப்படி. அன்றைக்குப் படம் எடுக்கும்போது அவளைத் தேடிப் போன நான், கூடத்தின் பின்பக்கம் குழாயடியில் கண்டுபிடித்தேன். ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த தட்டுகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க என்றேன். நீங்க போங்க, எனக்கு இது ஆகாது என்றாள். அதற்குமேல் கேட்க முடியாதபடி ஒரு தட்டை என் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள்.

காரணத்தை என் தங்கை, அந்தக் கடைக்குட்டிதான் பிற்பாடு சொன்னாள். மேஸ்திரியம்மாவின் கல்யாணப் படம் உச்சி வெயிலில் எடுத்தது. வந்த போட்டோக்காரருக்கு அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம். முற்றத்தில் நிறுத்திச் சொடுக்கிவிட்டுப் போய்விட்டார். உச்சி வெயில் தலைமேலிருந்து விழும். நெற்றியும் மூக்கின் மேல்தண்டும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், புருவத்துக்குக் கீழே இருட்டுக் கட்டிவிடும். படத்தில் மேஸ்திரியம்மாவுக்குக் கண்ணே இல்லை, இரண்டு கறுப்புக் குழிதான். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மீசை மாதிரி இருந்தது. அந்தப் படத்தைப் புகுந்த வீட்டில் கூடத்திலேயே மாட்டி வைத்தார்கள். கொழுந்தன்மார் அவளை மீசைக்காரி என்றார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் ஒன்பது வருடம் சொன்னார்கள். புருஷன் இறந்து தனி வீடு பார்த்துக்கொண்டு வந்தபோது அந்தப் படத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் கேமராவின் முன்னால் அவள் நின்றதில்லை.

தம்பி போட்டோ வேலைக்குப் போனதும் ஒருவகையில் அந்தக் கண் விவகாரம்தான். ஒரு பெரிய ஸ்டுடியோவில் அவருக்கு முதலில் கொடுத்த வேலை, கண் எழுதுவது. வெளியில் நடுப்பகலில் எடுத்த படங்கள் வரும். நெகட்டிவ்வில் கண் இருக்கிற இடத்தில் கூர் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் படத்தில் அந்த இருட்டு வெளுக்கும். அப்புறம் படத்தின்மேல் மூன்று மயிர்த் தூரிகையால் கருவிழியைப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கண். ஆறு வருடம். "ஊர்ல பாதிப் பேரு என் கண்ணாலதான் அண்ணி பாத்துக்கிட்டிருக்காங்க" என்று ஒருதடவை என்னிடம் சொன்னார். எல்லாக் கண்ணும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அவருடைய வருத்தம். மாமியார், மருமகள், போலீஸ்காரர் எல்லாருக்கும் அவர் போட்ட அதே புள்ளி.

சொந்தக் கடை வைத்ததும், உச்சியில் எடுப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். அவர் வாயைக் கிளறினால் வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சு நிற்காது. காலையில் ஆறரை ஏழுக்கு வருகிற வெளிச்சம் சுத்தமானது, ஆனால் நிழலில் ஒரு நீலம் ஓடும், அந்த நேரத்தில் முகங்கள் இன்னும் தலையணையை விட்டு எழுந்திருக்காது. ஒன்பதுக்கு மேல் வெயில் முறுக்கிக்கொள்ளும். பதினொன்றிலிருந்து மூன்று வரை அது யாருக்கும் நல்லது நினைக்காது. நாலு நாலரைக்குச் சாய்ந்து, கொஞ்சம் மஞ்சள் சேர்ந்து, ஆளின் பக்கவாட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் முகத்தில் மேடு பள்ளம் அளவாகத் தெரியும். பொழுது சாய்வதற்கு முந்தின பத்து நிமிடம் எல்லாம் செம்பு மாதிரி மின்னும். ஜனங்களுக்கு அது பிடிக்கும், அவருக்குப் பிடிக்காது. அதில் குப்பைத்தொட்டிகூட அழகாக இருக்கும், அப்படியென்றால் அழகு யாருடையது என்பார். மேகம் மூடிய நாளில் எல்லா மணியும் ஒரே மணி. அன்றைக்குக் கடையில் கூட்டம் வந்தால் ஏதோ ஏமாற்றிப் பிழைக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

இதையெல்லாம் சொல்லும்போதே தங்கை உள்ளேயிருந்து, "மழை பெஞ்சா மட்டும் நான் கல்யாணமானவ. மத்த நாளெல்லாம் சூரியன்தான் பொண்டாட்டி" என்று குரல் கொடுப்பாள். மழை நாளில்தான் அவர் வீட்டில் இருப்பார்.

எனக்கு அந்தச் சலவைக்கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவள் மேஸ்திரியம்மாதான். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிற பிரிவு. பதினோரு வருடம் அவளுக்குக் கீழே இருந்தேன். உறவு என்று ஒரு நாளும் சலுகை காட்டியதில்லை. என் தையல் கோணினால் எல்லார் முன்னாலும் பிரித்துப் போடுவாள். சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவிலிருந்து பெரிய துண்டை என் பக்கம் தள்ளுவாள். அவ்வளவுதான் உறவு.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஓய்வு பெற்றாலும், போகிறவர் நடுவில் நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் சுற்றி நிற்க, ஒரு படம் எடுத்து உடைமாற்றும் அறையில் மாட்டுவார்கள். கொதிகலன் பார்த்தவர், இஸ்திரி போட்டவர், கணக்கெழுதியவர் என்று சுவர் முழுக்க நாற்காலிகள். மேஸ்திரியம்மாவின் முறை வந்தது. வேண்டாம் என்றாள். பெண்கள் விடவில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலி இல்லாமல் அந்தச் சுவர் எப்படிச் சுவராகும் என்றார்கள். தம்பி தினமும் வேலை முடிகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். பேசமாட்டார், எங்கள் வண்டி நிற்கிற இடம்வரை பக்கத்திலேயே நடந்து வருவார். பதினேழு நாள் நடந்தார். பதினெட்டாம் நாள் அவள் நின்றாள். நான் இரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு தடவைதான் அமுக்கணும். ரெண்டாவதுன்னு கை போகக் கூடாது" என்றாள்.

"சரிக்கா."

"அதுல என் கண்ணு குழி விழுந்திருந்துச்சுன்னா, அப்புறம் நான் சாகிற வரைக்கும் அந்தப் பொட்டிய என் முன்னால நீட்டக் கூடாது. செத்த பிறகும் கூடாது."

"சரிக்கா" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். வாங்கிய வரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

உடனே வேலையில் இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்தின் உலர்த்து முற்றத்துக்குப் போனார். கொதிகலன் கட்டடத்துக்கும் துணிக்கிடங்குக்கும் நடுவில் உள்ள பெரிய சிமெண்டு முற்றம் அது. பகலில் கம்பிகளில் விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கும். மூன்றரைக்கெல்லாம் எடுத்துவிடுவோம், அப்புறம் வெறும் முற்றம்தான். நாலரைக்கு அங்கே முட்டையோடு நடந்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்து, நாற்காலிக் கால் வரவேண்டிய நாலு இடத்திலும் சிமெண்டில் ஆணி அடித்து வைத்தார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இதுக்கு மேல கடவுளே வந்தாலும் நாற்காலிய நகர்த்தக் கூடாது அண்ணி என்றார்.

அப்போது நல்ல வெயில் காலம். மேஸ்திரியம்மாவின் இடத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் ஐந்து மாதம் ஆனது. குளிர்காலம் வந்துவிட்டது. ஒருவழியாகப் புது ஆள் வந்து, அவள் போகிற நாள் முடிவானது. அதற்கு முந்தின நாள் மாலை படம் எடுப்பது என்று பேச்சு.

அன்று நாலு மணிக்கு நாங்கள் எல்லாரும் நீல மேலங்கியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றோம். நாற்காலியின் கால்கள் ஆணிகளின்மேல் சரியாக உட்கார்ந்தன. மேஸ்திரியம்மா வந்து உட்கார்ந்தாள். முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பல் பிடுங்க வந்தவள் மாதிரி.

நாலு பத்துக்குக் கொதிகலன் கட்டடத்தின் நிழல் முற்றத்துக்குள் வந்தது. வெயில் காலத்தில் அந்த நிழல் அந்த நேரத்துக்குச் சுவரடியிலேயே கிடக்கும். குளிர்காலத்துச் சூரியன் தாழ்வாகப் போகிறது, நிழல் நீண்டுவிட்டது. ஆயிரம் தடவை இதை மற்றவர்களுக்குச் சொன்ன மனிதர் அவர். ஆனால் ஆணி அடித்தாயிற்றே என்று மணியை மட்டும் பார்த்தார், மாதத்தைப் பார்க்கவில்லை. வரிசையின் இடது பாதி இருட்டு, வலது பாதி வெயில். கோடு சரியாக மேஸ்திரியம்மாவின் மூக்குமேல் ஓடியது.

தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளினோம். நிழலும் கூடவே தள்ளியது. மறுபடி தள்ளினோம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முப்பது பெண்கள் நிழலுக்கு முன்னால் ஓடினோம். இஸ்திரிக்காரி ஒருத்தி, நாலரை இன்னைக்கு மூணரையிலேயே முடிஞ்சிருச்சு போல என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முட்டையை நீட்டிக்கொண்டு கிடங்குச் சுவர்வரை போய்விட்டார். சொடுக்கியிருக்கலாம். ஆனால் ஒன்றுதானே, கை வரவில்லை. நாலே முக்காலுக்கு எங்களை ஏற்றிப்போகிற வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. அந்த வண்டியை விட்டால் அடுத்தது இல்லை. ஒவ்வொருத்தியாகப் பையை எடுத்துக்கொண்டோம்.

மேஸ்திரியம்மா எழுந்து நாற்காலியை மடக்கினாள். "நாளைக்கு மத்தியானம் மணி அடிச்சதும் எடு. அதுக்கப்புறம் நான் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்."

"மத்தியானம் வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு முன்னாலயே வந்து..."

"ஞாயித்துக்கிழமை நான் இங்க யாரு? வெளியாளு. வெளியாளா வந்து அந்த நாற்காலில உக்கார மாட்டேன்."

"மத்தியானத்துல எடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் பதினொன்றரைக்கே அவர் வந்துவிட்டார். முகம் சவரம் செய்யவில்லை. நிழலான இடம் தேடினார். கொதிகலன் ஓரத்தில் நிழல் இருந்தது, ஆனால் அங்கே அழுக்குத் துணித் தள்ளுவண்டிகள் இடமில்லாமல் நின்றன. தாழ்வாரம் மூன்று பேர் நிற்கிற அகலம். கிடங்குக்குள் இருட்டு. எல்லா இடமும் பார்த்துவிட்டுத் தையல் அறை வாசலில் வந்து, முடியாது அண்ணி, நான் போறேன், அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க என்றார். நான் ஒரு விரிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். சொல்றதுன்னா உங்க வாயால சொல்லுங்க மாப்பிள்ளை, அவங்க முற்றத்துலதான் இருக்காங்க என்றேன். ஊசியை வைத்துவிட்டு நானும் கூட நடந்தேன்.

கடைசி நாள் என்று மேஸ்திரியம்மா சும்மா இருக்கவில்லை. விரிப்பு வரிசைகளுக்கு நடுவே நின்று, ஈரத் தலையணை உறைகளை உதறி உதறித் தரையில் விரித்துக்கொண்டிருந்தாள். சின்னத் துணிகளைக் கம்பியில் போடமாட்டோம், கழுவிவிட்ட சிமெண்டிலேயே பரப்பிவிடுவோம். முன்னும் பின்னும் வெள்ளை விரிப்பு, தரையிலும் வெள்ளை. குளிர்காலமானாலும் உச்சி வெயில் உச்சி வெயில்தான். ஆனால் அங்கே அது மேலே மட்டும் இல்லை.

அவர் ஒரு விரிப்பை விலக்கி உள்ளே நுழைந்தார். அக்கா என்றார். அவள் நிமிர்ந்தாள். அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு முட்டையை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். நானும் பார்த்தேன். முட்டையின் அடிப்பக்கம் கறுக்கவில்லை. கீழிருந்து ஒரு வெளிச்சம் ஏறி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணும் அப்படித்தான் இருந்தது. நிறம்கூடத் தெரிந்தது, தேன் மாதிரி ஒரு பழுப்பு. பதினோரு வருடத்தில் அதை நான் கவனித்ததில்லை.

"என்னடா பேய் பாத்தவன் மாதிரி நிக்கற?"

"கீழேர்ந்து வருதுக்கா" என்றார்.

அடுத்த வரிசையிலிருந்து இஸ்திரிக்காரி தலையை நீட்டினாள். "இது எங்களுக்கு எப்பவும் தெரியுமே. மத்தியானத்துல இங்க கண்ணு கூசறது தலைக்கு மேலேர்ந்தா? தரையிலேர்ந்துல்ல கூசுது. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. முப்பது வருடம் வெளிச்சத்தோடு குடித்தனம் பண்ணியவர், பதினொன்றிலிருந்து மூன்று வரை மட்டும் அதன் மூஞ்சியில் விழித்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை அவர் கையில் இல்லை, பெண்கள் கையில் போய்விட்டது. தலைமேல் விழுகிற வெயிலுக்கு என்ன செய்வது என்று அவர் தயங்கும்போதே, நாலு பேர் இரட்டை விரிப்புகளை ஒரு வரிசைக் கம்பியிலிருந்து அடுத்த வரிசைக் கம்பிக்குக் குறுக்கே இழுத்து, கூரை மாதிரி கட்டிவிட்டார்கள். முன்பக்கத்து வரிசையை எடுத்துத் தரையில் விரித்தார்கள். நாற்காலி வந்தது. மதிய மணி அடித்தது. புதிதாக வந்த மேற்பார்வைக்காரி, ஐயோ, துவைச்ச துணியாச்சே என்று சொல்லப் பார்த்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. அவளையும் இழுத்து வரிசையில் நிறுத்தினோம்.

வெளிச்சம் நன்றாக இருந்தது, ஆனால் எல்லாருக்கும் கண் கூசியது. மேஸ்திரியம்மாவுக்கு அதிகம் கூசியது, வயதாகிவிட்டதே. சுருக்கிச் சுருக்கி விழித்தாள். அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. மூணு சொல்றப்ப தெறந்தாப் போதும். அக்கா, நீயும்."

மூடினோம். நடுப்பகலில் முப்பத்தொரு பெண்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். ஈரத் துணி வாசனை. கொதிகலன் சத்தம். அவர் ஒன்று என்றார். ரொம்ப நேரம் இரண்டு வரவில்லை. அவர் குரலைச் சரி பண்ணிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு என்றார். மூன்று. திறந்தோம். ஒரே ஒரு கிளிக்.

அவ்வளவுதான். தரையிலும் மேலேயும் இருந்த விரிப்புகளை எடுத்துப் பார்த்த மேஸ்திரியம்மா, செருப்புத் தடமாக இருந்த இருபத்திரண்டை ஒதுக்கினாள். இது நோயாளி படுக்கைக்குப் போகாது, மறுபடி துவைக்கணும் என்றாள். கையெழுத்துப் போட்டு ஒரு மணிக்குப் போக வேண்டியவள், மேலங்கிக் கையைச் சுருட்டிக்கொண்டு எங்களோடு நின்று துவைத்து, பிழிந்து, உலர்த்திவிட்டு நாலு மணிக்குப் போனாள்.

படம் ஒன்பது நாள் வரவில்லை. தங்கை வந்து என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள், ஃபிலிமைக் கழுவாமலே அலமாரியில் வைத்திருக்கிறாராம். கழுவினால்தானே தெரியும் என்று கேட்டால், கழுவாத வரைக்கும் நல்லா இருக்குல்ல என்கிறாராம். நான் போய் இரண்டு வார்த்தை சொன்னேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர், தங்கை, நான் மூன்று பேரும் மேஸ்திரியம்மா வீட்டுக்குப் போனோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, துடைத்து வைத்த மாதிரி இருக்கும் வீடு. அவர் பழுப்பு உறையை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பென்சில் தொடலை, எங்கயும் தொடலை என்று மட்டும் சொன்னார்.

மேஸ்திரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை எடுத்தாள். முதலில் ஓரங்களைப் பார்த்தாள். யார் யார் எங்கே நிற்கிறார்கள், மேலங்கிப் பொத்தான் யாருக்குப் போடவில்லை என்றெல்லாம் பார்த்தாள். நடுவுக்கு வர ரொம்ப நேரம் ஆனது. அந்தப் படத்தில் அவள் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்து, நேரே பார்க்கின்றன. கன்னத்துச் சுருக்கம், நரைமுடி எல்லாம் இருக்கிறது. மறைக்கவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை.

"எனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றாள்.

ஜன்னல் பக்கம் நின்றவர் திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும் கொஞ்சம் இறங்கியது. இருபத்தொரு வயதுக்குப் பிறகு எடுத்த தன் படம் எதையும் அவள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியில் தினமும் பார்ப்பது வேறு. அது கூடவே வயதாகிக்கொண்டு வருகிறது.

அவள் படத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். "பரவால்ல. நல்லாத்தான் வயசாயிருக்கு" என்றாள். பிறகு, மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி, "எல்லாரும் சேந்து இருக்கறதுல முகம் சின்னதா இருக்கு. தனியா ஒண்ணு எடு. எந்த மணியா இருந்தாலும் சரி" என்றாள்.

அவர் சரிக்கா என்றார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி போடுகிறேன் என்று எழுந்து போனாள்.

தனியாக ஒன்று என்று ஆரம்பித்தது, பதினான்கு வருடத்தில் அறுபதுக்கும் மேல் போனது. காலையில், மழையில், குடையோடு, ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட ஒன்று. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவர் கடையை மூடிவிட்டார். இப்போது எழுபத்திரண்டு நடக்கிறது. மகள் வீட்டில், மாடியில் முன்பக்கத்து அறையில், என் தங்கையோடு இருக்கிறார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள், எந்த மணியாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டாராம்.